ஜூலியட்டின் வெரோனாவும் நம் வகுப்பறையும்

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ரோமியோ ஜூலியட் கதையைச் சொல்லி முடித்ததும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது உண்மையிலேயே நடந்ததா?" என்பதுதான். இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட வேண்டாம். அந்தக் கேள்வியோடு மாணவர்களை வெரோனா நகருக்கு அழைத்துச் செல்வோம்.

வெரோனா கற்பனை ஊர் அன்று. வட இத்தாலியில், அடிஜே ஆறு வளைந்து செல்லும் இடத்தில் இருக்கிறது. ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டிய நீள்வட்ட அரங்கம் அங்கே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நகரின் பழைய பகுதியை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊர் உண்மை. கதை? ஏறத்தாழ இதே கதையை 1476இல் வெளிவந்த ஒரு நூலில் மசூச்சோ என்பவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் கதை நடப்பது சியனா நகரில். காதலர்களின் பெயர்களும் வேறு. 1530ஐ ஒட்டி வெளிவந்த தம் கதையில் லூயிஜி தா போர்த்தோதான் அவர்களை ரோமியோ, ஜூலியட் ஆக்கி வெரோனாவில் குடியேற்றினார். பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 1562இல் ஆர்தர் புரூக்கின் நெடுங்கவிதையாகி, அதிலிருந்து ஷேக்ஸ்பியரின் கைக்குச் சேர்ந்தது. நாடகம் முதலில் அச்சானது 1597இல்.

இரு குடும்பப் பெயர்களுக்கு மட்டும் பழைய சான்று உண்டு. இத்தாலியின் உட்பகையைக் கண்டிக்கும் இடத்தில் கவிஞர் தாந்தே இவ்விரு பெயர்களையும் சேர்த்துச் சொல்கிறார். காதலர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆக, சான்று இருப்பது பகைக்குத்தான், காதலுக்கு அன்று.

இன்று வெரோனாவுக்குப் போகிறவர்கள் 'ஜூலியட் வீடு' என்ற பழைய கட்டடத்தின் முன் நின்று பால்கனியைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீடு பழையதுதான். பால்கனியோ 1930களின் இறுதியில், நகர அருங்காட்சியகங்களின் இயக்குநர் அந்தோனியோ அவேனா நடத்திய சீரமைப்பின்போது பழைய கற்களைக் கொண்டு பொருத்தப்பட்டது. இன்னொரு செய்தி: ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் 'பால்கனி' என்ற சொல்லே கிடையாது. ஜூலியட் மேலே, ஜன்னலருகே நிற்கிறாள், அவ்வளவுதான். முற்றத்தில் உள்ள ஜூலியட்டின் வெண்கலச் சிலையைத் தொட்டால் காதல் கைகூடும் என்று தொட்டுத் தொட்டே அது பழுதாகிவிட்டது. 2014இல் நகல் ஒன்றை வைக்க வேண்டியதாயிற்று.

இப்படிச் சொன்னால் கதையின் சுவை போய்விடும் என்று சிலர் அஞ்சலாம். போகாது. கண்ணால் பார்ப்பதெல்லாம் சான்றாகாது என்பதை மாணவர் மனத்தில் பதிய வைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நூலில் என்ன இருக்கிறது, வரலாற்றில் என்ன இருக்கிறது, பிற்காலத்தார் சேர்த்தது எது என்று மூன்று பத்தி போட்டு அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள்.

அதே வெரோனாவில் ஐயமில்லாத உண்மை ஒன்றும் இருக்கிறது. உலகின் பல நாடுகளிலிருந்து ஜூலியட்டுக்குக் கடிதங்கள் வருகின்றன. 'ஜூலியட், வெரோனா' என்று மட்டும் எழுதினாலும் போய்ச் சேர்ந்துவிடும். ஜூலியட்டின் கல்லறை என்று காட்டப்படும் இடத்தின் காவலர் 1930களில் இக்கடிதங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினார். இன்று 'ஜூலியட் மன்றம்' என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் பல மொழிகளில், கையால், பதில் எழுதுகிறார்கள்.

வாழ்ந்தே இராத ஒரு பெண்ணுக்கு ஏன் கடிதம் எழுத வேண்டும்? விடை நாடகத்திலேயே இருக்கிறது. தா போர்த்தோவின் ஜூலியட்டுக்கு வயது 18. புரூக்கின் கவிதையில் 16. ஷேக்ஸ்பியர் அதை இன்னும் குறைத்து, 14கூட நிறையாத சிறுமி ஆக்கினார். நம் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் வயது. அவளுக்குத் தந்தை திருமணம் நிச்சயித்துவிடுகிறார். மறுத்தால் வீட்டை விட்டுத் துரத்துவேன் என்கிறார். அவள் தாயிடம் மன்றாடுகிறாள்; தாய் பேச மறுக்கிறாள். வளர்த்த செவிலியோ தந்தை சொன்ன மாப்பிள்ளையையே கட்டிக்கொள் என்கிறாள். பாதிரியார் மட்டும் காது கொடுக்கிறார். அவரும் வீட்டாரிடம் பேசத் துணியாமல் மயக்க மருந்தைத் தருகிறார். அந்த இரகசியமே இருவர் உயிரையும் பறிக்கிறது.

இந்த நாடகத்தை விதியின் கதை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஒரு குழந்தையின் பேச்சைக் கேட்க வீட்டில் ஒரு பெரியவரும் இல்லாத கதை என்றும் சொல்லிக் கொடுப்போம். பாடம் முடிந்ததும் ஜூலியட்டுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இயலாதவர் தமிழில் எழுதட்டும். பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள். யாராவது ஒரு மாணவி தன் வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சை அதில் எழுதியிருந்தால், அந்தக் கடிதத்தைக் கட்டோடு கட்டாக வைத்துவிடாமல், அன்றைக்கே தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.