பள்ளியில் விருந்தினர் உரையும் மாணவர் தொண்டும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



ஒரு கிராமத்தில் உயர்நிலைப் பள்ளி அமைவது அவ்வூர் பெற்ற பேறாகும். சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளும் அங்கு வந்து பயில்கின்றனர். அப்பள்ளிக்குக் கட்டடம் வேண்டுமெனில் நாம் முன்நிற்கிறோம். சுற்றுச்சுவரும் குடிநீர்த் தொட்டியும் வேண்டுமெனில் ஆவன செய்கிறோம். ஆனால், பள்ளியின் உள்ளே நடைபெறும் கல்வியில் ஊராருக்கு என்ன பங்கு உண்டு என்பதை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதைக் குறித்தே இன்று சில கருத்துகளைக் கூற விழைகிறோம்.

ஊரும் பள்ளியும் கைகோத்து உழைப்பது நமக்குப் புதியதன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், சிரமதானம் என்ற சொல் ஊர்தோறும் ஒலித்தது. 1958ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் தம் பள்ளிகளுக்குப் பணமும் பொருளும் மனமுவந்து அளித்தனர். 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, சமூகத் தொண்டு கல்வியின் ஒரு கூறாகவே அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. பின்னர் அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை ஆகியவை உள்ளன. ஆகவே, அமைப்புகளுக்குக் குறைவில்லை.

குறை வேறோர் இடத்தில் உள்ளது. பள்ளிக்கு விருந்தினர் வருகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறது, ஒரு மணி நேரம் அறிவுரை கூறுகிறார், பிள்ளைகள் கைதட்டிக் கலைகின்றனர். மறுநாள் அவ்வுரையைப் பற்றிய பேச்சே இல்லை. மற்றொரு புறம், தொண்டு என்ற பெயரால் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. அவ்விடத்துக்கு அம்மரம் ஏன், கோடையில் யார் நீர் ஊற்றுவது என்று எவரும் கேட்பதில்லை. கன்று சித்திரை வெயிலில் கருகுகிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் மற்றொரு கன்று நடப்படுகிறது. இவ்வாறு உரை ஒரு வழியாகவும் தொண்டு ஒரு வழியாகவும் செல்கின்றன. இவ்விரண்டையும் ஒரே நுகத்தில் பூட்ட வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. ஒவ்வோர் உரையும் ஒரு வேலையில் முடிய வேண்டும். ஒவ்வொரு வேலையும் ஊருக்குப் பயன்படும் ஒரு பொருளையோ குறிப்பையோ தர வேண்டும்.

சான்றாக மண் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வேளாண்மை அலுவலர் பள்ளிக்கு வந்து, மண்மாதிரி எடுக்கும் முறையை விளக்குகிறார். வயலின் மேற்பரப்பிலுள்ள சருகையும் புல்லையும் நீக்கிவிட்டு, 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கங்களில், மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். இவ்வாறு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி நீக்கி அரைக் கிலோ அளவுக்குக் குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வரப்போரத்திலும், மர நிழலிலும், எருக்குவியலுக்கு அருகிலும் எடுத்தல் ஆகாது. இவற்றைக் கேட்ட மாணவர், அடுத்த விடுமுறையில் தம் வீட்டு வயலிலேயே மாதிரி எடுத்து, சர்வே எண்ணைக் குறித்து அனுப்புகின்றனர். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தால் பல வீடுகளுக்கு அட்டை வந்தது. அது பெட்டியில் உறங்கினால் பயன் என்ன? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் எவ்வளவு இட வேண்டும் என்று மகள் படித்துச் சொல்ல, தந்தை கேட்டு உரமிடும் நாளே அந்த உரை முற்றுப்பெறும் நாள்.

நீரும் அத்தகையதே. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் விழுகிறது. இக்கணக்கைப் பொறியாளர் ஒருவர் கூறுவதுடன் நில்லாது, பள்ளியில் ஒரு மழைமானி வைக்கப்படட்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மாணவர் அளந்து பலகையில் எழுதட்டும். ஊரில் தேர்ந்தெடுத்த சில கிணறுகளின் நீர்மட்டத்தை, ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு முறையும் குறிக்கட்டும். ஐந்தாண்டுக் குறிப்பு சேர்ந்துவிட்டால், எந்தப் பகுதியில் நீர் கீழே செல்கிறது, எந்தக் குளத்தை முதலில் தூர் வார வேண்டும் என்று முடிவு செய்ய ஊராட்சிக்கு அதைவிட நல்ல துணை வேறில்லை. கயிறு விட்டு அளப்பவர் பெரியவராகவே இருத்தல் வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றருகே பிள்ளைகளை விடலாகாது.

கிராமச் செவிலியர் வருகிறார் எனில், வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிப்பதைக் காட்டலாம். ஒரு லிட்டர் தூய நீரில், தலை தட்டிய சிறு கரண்டியால் ஆறு கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலக்க வேண்டும்; அளவு மாறலாகாது. பிள்ளைகள் இதனைத் தத்தம் தெருவில் வீடுதோறும் சொல்லி வரட்டும். குழந்தை குடிக்க இயலாது சோர்ந்தால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

விருந்தினர் என்றால் நகரத்திலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. கால்நடை மருத்துவர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், மின்பணியாளர், கைதேர்ந்த கொத்தனார், விதை காத்துவரும் மூதாட்டி ஆகிய யாவரும் விருந்தினரே. நாற்பது ஆண்டுகள் நெல் பயிரிட்ட ஒருவரைத் தலைமையாசிரியர் நாற்காலியிட்டு அமர்த்தி, பிள்ளைகள் கேள்வி கேட்கச் செய்தால், அவ்வுழவரின் மகன் தன் தந்தையின் தொழிலை வேறு கண்ணால் நோக்குவான். படித்தவன் மண்ணைத் தொடலாகாது என்னும் எண்ணம் அகல இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. உரை அரைமணி நேரத்துக்கு மிகாதிருக்கட்டும். எஞ்சிய நேரம் வினாக்களுக்கு ஒதுக்கப்படட்டும்.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் நம் கடமை. தொண்டு என்பது கூலியில்லா வேலை அன்று. கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய ஊராட்சிப் பணியைப் பிள்ளைகள் தலையில் சுமத்தலாகாது. 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தலாகாது என்பது 2016ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற சட்டத்தின் ஆணை. கழிப்பறை கழுவுவதைத் தொண்டு என்று பெயரிட்டு, அதிலும் ஒரு சமூகத்துப் பிள்ளைகளிடமே ஒப்படைப்பது பொறுக்க முடியாத கொடுமை. எந்தப் பணியாயினும் எல்லாப் பிள்ளைகளும் கலந்தே செய்ய வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெருக்குவதும் கோலமிடுவதும், ஆண் பிள்ளைகளுக்கு அளப்பதும் எழுதுவதும் என்று பிரிக்கவும் கூடாது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டுவது பெரிதன்று. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியருடனும் பள்ளி மேலாண்மைக் குழுவுடனும் கலந்து, ஆண்டுக்கு நான்கு உரைகளையும் அவற்றைத் தொடரும் நான்கு பணிகளையும் முடிவு செய்யுங்கள். மழைமானி, அளவு நாடா, குறிப்பேடு போன்ற சிறு கருவிகள் கிடைக்க வழி செய்யுங்கள். நட்ட ஒவ்வொரு கன்றுக்கும், கோடை விடுமுறையில் நீர் ஊற்றும் வீடு இன்னது என்று எழுதி வையுங்கள். மாணவர் திரட்டிய குறிப்பை, ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையில் ஒரு மாணவரைக் கொண்டே படிக்கச் செய்யுங்கள். அதன்மீது ஊராட்சி என்ன செய்தது என்பதை மே முதல் நாள் கூடும் சபையில் நீங்கள் சொல்லுங்கள்.

பிள்ளைகள் உழைத்துத் தந்த குறிப்பை நாம் படிக்காது விட்டால், தொண்டு வீண் என்னும் பாடத்தையே அவர்களுக்குக் கற்பித்தவர் ஆவோம். அதைப் படித்து ஒரு குளமேனும் தூர் வாரினால், ஊர் தம்முடையது என்னும் உணர்வு அவர்கள் உள்ளத்தில் வேரூன்றும். நாளை இந்த அவையில் அமரப் போகிறவர்கள் அவர்களே.