எண்ணெய்த் தொட்டியின் அடித்தளம்



தேசியச் சோதனைச்சாலையின் வரலாறு 1912ஆம் ஆண்டில் கொல்கத்தா அலிப்பூரில் தொடங்குகிறது. எஃகின் தரத்திற்கு அத்தகைய நிறுவனம் சான்று அளிக்கலாம். ஆயினும், எண்ணெய்த் தொட்டியின் அடித்தளம் நெளியாமல் காப்பது, கட்டுமிடத்தில் பின்பற்றப்படும் பற்றவைப்பு வரிசையே ஆகும்.

உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கி, அருகிலுள்ள தகட்டையும் இழுக்கிறது. 6 மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள அகன்ற தகடுகள் அவ்விழுப்பால் மேடுபள்ளமாகின்றன. பள்ளங்களில் நீரும் கசடும் தேங்கி, எஃகை அரிக்கின்றன. எண்ணெய் நிரம்பும்போது மேடுகள் அமிழ்வதும், வடியும்போது எழுவதுமாக இருப்பதால் இணைப்புகளில் வெடிப்பு தோன்றலாம்.

ஆகவே, குறுக்கு இணைப்புகளை முதலிலும், நீண்ட இணைப்புகளைப் பின்னரும், நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பற்றவைத்தல் வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு தகடும் தடையின்றிச் சுருங்கும். நீண்ட இணைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பின்னோக்கி இடுவது சுருக்கத்தைப் பரவலாக்கும். சுவரும் விளிம்புத் தகடுகளும் இணைந்த பின்னரே, அத்தகடுகளை நடுப்பகுதியுடன் இணைத்தல் நன்று. தேவைக்கு மிகுந்த உலோகம் இடுவது நெளிவையே மிகுவிக்கும்.

இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. வரைபடத்தில் வரிசையை முன்னரே எண்ணிட்டு, அதனை மீறாதபடி மேற்பார்வையிட்டால் போதும். நெளிந்த தளத்தைப் பின்னர்த் திருத்துவது அரிது. வெட்டி மீண்டும் பற்றவைத்தால், புதிய சுருக்கமும் உடன் வரும்.