டிக்கெட் வாங்கியவன் காத்திருக்கிறான்!

(அமெரிக்கத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் பொங்கல் விழாவில் நடந்து, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பட்டிமன்றம். தலைப்பு: ‘கல்லூரிக் கால்பந்து மைதானங்களில் கூட்டம் குறைந்ததற்குக் காரணம் வீட்டுத் திரையா? நடத்துகிறவர்களா?’ இதில் ‘நடத்துகிறவர்களே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! இரண்டு அணியிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளப் பெருமக்களே! வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே பட்டுச் சேலையும் வேட்டியுமாய் நிறைந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! 

முதலில் ஒரு சந்தேகம். இந்த நாட்டில் ஒரு விளையாட்டு. பந்து தேங்காய் மாதிரி இருக்கிறது. அதைக் கையில் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். பத்துப் பேர் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். காலுக்கு அங்கே வேலையே குறைச்சல். ஆனால் பெயர் மட்டும் கால்பந்து! (சிரிப்பு) என் தங்கை மகனிடம் கேட்டேன். “மாமா, பேருக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கணும்னு யார் சொன்னா? நீங்க ஊரெல்லாம் போய்ப் பேசுற பேச்சாளர். வீட்டுல அத்தை முன்னால வாயே திறக்கிறதில்லையே” என்றான். (பலத்த சிரிப்பு) அதற்குமேல் நான் ஏன் கேட்கிறேன்?

எதிரணிச் சகோதரி அழகாகப் பேசினார். “வீட்டில் சோபா இருக்கிறது. சுவரளவு டி.வி. இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஃபிரிட்ஜ். பத்தடியில் பாத்ரூம். இதையெல்லாம் விட்டுவிட்டு, எலும்பை உறைய வைக்கிற குளிரில் பெஞ்சில் உட்கார எவன் வருவான்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பாத்ரூம் விஷயத்தில் மட்டும், ஐம்பதைத் தாண்டிய நான் அவர் கட்சிதான். (சிரிப்பு)

கூட்டம் குறைந்தது உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் மோதுகிற முதல் பிரிவில், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக வந்தவர்கள் 2008ல் 46 ஆயிரத்துக்கு மேல். 2018ல் 41,856. பத்து வருஷத்தில் ஆட்டத்துக்கு நாலாயிரம் பேருக்கு மேல் காணோம்! அதுவும் அறிவித்த கணக்கு. வாசலில் டிக்கெட்டை உரசிப் பார்த்த கணக்கு வேறு. 2018ல் ஒரு பத்திரிகை பல கல்லூரிகளில் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. அறிவித்ததில் நூற்றுக்கு 71 பேர்தான் உள்ளே வந்திருந்தார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனும் வரவில்லை! லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ரோஸ் பவுல் என்று புகழ்பெற்ற மைதானம். எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 2022 செப்டம்பரில் அங்கே நடந்த ஒரு கல்லூரி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 27,143 பேர். அந்தக் கல்லூரி அணி 1982ல் அந்த மைதானத்துக்கு வந்ததிலிருந்து அவ்வளவு குறைந்த கூட்டம் அதுவரை வந்ததில்லை.

நோய் தெரிகிறது. கிருமி எது? அதுதான் இன்றைய வழக்கு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1869 நவம்பர் 6. நியூஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டன் கல்லூரிக்கும் ஆட்டம். பக்கத்துக்கு 25 பேர். பார்க்க வந்தவர்கள் சுமார் நூறு பேர். இந்த நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்த நூறு பேர்தான் பிறகு லட்சமானார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். நம் ஊரில் ஒரு நகராட்சியே ஒரே நேரத்தில் எழுந்து கைதட்டினால் எப்படி இருக்கும்? அப்படி!

1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி வீடுகளில் பரவியது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கம், என்.சி.ஏ.ஏ. என்பார்கள், பயந்து போனது. எங்கள் எதிரணி இன்று பயப்படுகிற அதே பயம்! ‘வீட்டிலேயே காட்டினால் மைதானத்துக்கு யார் வருவார்கள்?’ என்று, சில ஆட்டங்களைத்தான் காட்டலாம், ஒரு கல்லூரி இத்தனை முறைதான் திரையில் வரலாம் என்று கட்டுப்பாடு போட்டது. முப்பது வருஷம் அந்தப் பூட்டு தொங்கியது. கடைசியில் பல்கலைக்கழகங்களே வழக்குப் போட்டன. 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்புச் சொல்லிப் பூட்டை உடைத்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி யார் தெரியுமா? பைரன் வொய்ட். 1930களில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரம்! மைதானத்தில் ஓடியவருக்குத்தான் இது வெறும் சரக்கு இல்லையே என்று பட்டிருக்கிறது.

இப்போது சகோதரிக்கு என் கேள்வி. 1984ல் பூட்டு உடைந்தது. அதன்பிறகு வீட்டுக்கு வீடு டி.வி., சேனலுக்குச் சேனல் ஆட்டம். உங்கள் கணக்குப்படி மைதானம் அன்றே காலியாகியிருக்க வேண்டுமே! ஆனால் சராசரிக் கூட்டம் உச்சத்தைத் தொட்டது எப்போது? 2008ல்! பூட்டு உடைந்து 24 வருஷம் கழித்து! கொலைகாரன் என்று நீங்கள் கைகாட்டுகிற ஆள் 24 வருஷமாக அந்த வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தானா? (கைதட்டல்)

அப்படியானால் நடந்தது என்ன? நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நவம்பரிலேயே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை என்னை ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு நான் இந்த ஊரில் நடமாட வேண்டும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. ஆட்டம் சூடு பிடிக்கிறது. திடீரென்று நிற்கிறது. யாருக்கும் அடியில்லை, சண்டையில்லை. மைதானத்துக்குள் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து சும்மா நிற்கிறார். வீரர்கள் நிற்கிறார்கள். நடுவர் நிற்கிறார். நாங்கள் நடுங்குகிறோம்.

“என்னம்மா ஆச்சு?” என்று தங்கையைக் கேட்டேன்.

“இப்ப டி.வி.யில விளம்பரம் ஓடுதுண்ணே. அது முடியுற வரைக்கும் ஆட்டம் கிடையாது.”

“அப்ப இங்க உக்காந்திருக்கிற நாம?”

“நாம காத்திருக்கணும்ணே.”

நடுவர் அவர்களே! டிக்கெட் வாங்கியவன் குளிரில் காத்திருக்கிறான். டிக்கெட் வாங்காதவனுக்காக ஆட்டம் நிற்கிறது! கடிகாரத்தில் ஆட்டம் 60 நிமிஷம். முடிய மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நீளத்தைக் குறைக்க 2023ல் கடிகார விதியைக் கூட மாற்றினார்கள். விதியைத்தான் மாற்றினார்கள், விளம்பரத்தைத் தொட மனசு வரவில்லை. ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கா, ராத்திரி எட்டுக்கா என்பதும் பல சமயம் பன்னிரண்டு நாள், சில சமயம் ஆறே நாள் முன்னால்தான் தெரியும். முடிவு செய்வது தொலைக்காட்சி. நானூறு மைல் தாண்டி வருகிற குடும்பம் எப்படிப் புறப்படும்? கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, முகூர்த்தத்தைப் போட்டோக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் எந்தச் சம்பந்தி வருவான்? (சிரிப்பு, கைதட்டல்)

பணம் இன்னொன்றும் செய்தது. டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் பங்காளிச் சண்டைக்குப் பேர்போனவை. 2011க்குப் பிறகு 2024 வரை அந்த ஆட்டமே நடக்கவில்லை. ஒருவர் வேறு கூட்டமைப்புக்குப் போய்விட்டார்! 2024ல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு எந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது? அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில்! ஸ்டான்ஃபோர்டு இருப்பதோ பசிபிக் பக்கம். பக்கத்து ஊர்க்காரனோடு மோதினால்தானே ரத்தம் சூடாகும்? மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனோடு எனக்கு என்ன பகை?

மாணவர்கள் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று அலபாமா பல்கலைக்கழகம் 2019ல் ஒரு வழி கண்டுபிடித்தது. மாணவன் கைப்பேசியில் ஒரு செயலி. ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி. கடைசிக் கால்பகுதி வரை உட்கார்ந்திருந்தால் இன்னும் 250 புள்ளி. புள்ளி அதிகமானால் பெரிய ஆட்டத்துக்கு முன்னுரிமை. அதாவது, வருகைப் பதிவேடு!

வருகைப் பதிவேடு பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? முப்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் கூப்பிட்டு முடித்ததும் பின்வாசல் வழியாகப் பாதி வகுப்பு காலி. எதிரே இருந்த சினிமா தியேட்டர்தான் காரணம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவன் சொன்னான்: “ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எங்களப் பாத்து நடத்துறதில்ல. ஜன்னலப் பாத்து நடத்துறீங்க.” அன்றைக்கு உறைத்தது. தியேட்டர் அவர்களை இழுக்கவில்லை, நான் தள்ளியிருக்கிறேன்!

“அப்படியானால் எல்லா மைதானமும் காலியா?” என்று கேட்பீர்கள். இல்லை. மிச்சிகனில் 1975 நவம்பரிலிருந்து, கொரோனா வந்த 2020 நீங்கலாக, சொந்த மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் என்று கணக்கு. அந்த ஊரில் மட்டும் யார் வீட்டிலும் டி.வி. இல்லையா? 2022ல் நாடு முழுக்கச் சராசரி மறுபடி ஏறியது, 2008ன் உயரத்தைத் தொடாவிட்டாலும். ஜனங்களுக்கு வர ஆசை இருக்கிறது. மனுஷன் மனுஷனோடு சேர்ந்து கத்துவதற்கு ஏங்குகிறான்.

என் மாப்பிள்ளை கதையைச் சொல்லி முடிக்கிறேன். பதினெட்டு வருஷம் ஒரே இருக்கைக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்தார். பக்கத்து இருக்கையில் வயதான ஒரு விவசாயத் தம்பதி. இவர் சுண்டல் கொண்டுபோவார். அந்தம்மா ஆப்பிள் பணியாரம் மாதிரி ஒன்று கொண்டுவரும். மாப்பிள்ளையின் தாயார் ஊரில் இறந்தபோது, தகனத்துக்குக்கூடப் போக முடியாமல் தவித்து நின்றார். அந்தச் சனிக்கிழமை அந்தப் பெரியவர் ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லையாம். பிறகு அவரும் காலமானார். அந்தம்மா அடுத்த ஆட்டத்துக்குத் தனியாக வந்து, அவர் தொப்பியை அவர் இருக்கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. அந்த வரிசையில் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாக இவ்வளவு நன்கொடை என்று. அந்தம்மாவால் முடியவில்லை. “மச்சான், டிக்கெட் விலை எனக்குக் கட்டும். ஆனா அந்த அம்மா இல்லாத எடத்துல நான் யார் பக்கத்துல போய் உக்கார?” என்றார் மாப்பிள்ளை. (நீண்ட அமைதி)

இந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பியது டி.வி.யா? சோபாவா? நடுவர் அவர்களே, அவர் வீட்டில் டி.வி. பதினெட்டு வருஷமும் இருந்தது!

கடைசியாக ஒரு வாக்குமூலம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சிப் பட்டிமன்றம். நான் ஒரு நகைச்சுவை சொன்னேன்; அரங்கம் குலுங்கியது. நாடா தீர்ந்துவிட்டது, மறுபடி சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். ஜனங்களும் மறுபடி சிரித்தார்கள். முடிந்து இறங்கும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கேட்டார்: “தம்பி, முதல்ல சிரிச்சது எங்களுக்காக. ரெண்டாவது சிரிச்சது யாருக்காக?” இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வந்தவனை விருந்தாளியாக நினைத்தால் அவன் பனியிலும் வருவான். படத்துக்குப் பின்னால் மாட்டும் திரைச்சீலையாக நினைத்தால், அவன் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கத்தான் போவான். திரை அவனைத் திருடவில்லை. நடத்துகிறவர்கள் அவனைத் தொலைத்தார்கள்!

இந்தப் பனியில் வீட்டுச் சோபாவை விட்டு வந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே எங்கள் அணிக்குச் சாட்சி என்று கூறி, தீர்ப்பை நடுவர் அவர்களின் மனசாட்சிக்கு விட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)