வைக்கோலும் வெண்தாளும்

மட்டக்களப்பு நாட்டிலே அறுவடை முடிந்தால் எஞ்சுவது வைக்கோல். மாடு தின்றது போக, மிஞ்சியது நெருப்புக்கு இரை. அதனைக் கடதாசியாக்கலாம் என்ற துணிவில் எழுந்ததே வாழைச்சேனை ஆலை. கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதற்கு வித்திட்டார்; 1956இல் உற்பத்தி தொடங்கிற்று. நீர்நிலை, நெல்வயல், புகைவண்டிப் பாதை மூன்றும் ஒருங்கே வாய்த்த இடம், வேறெங்கே அமைப்பது?

ஆலையோடு ஊரும் வளர்ந்தது. வலையும் தோணியுமே அறிந்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இயந்திரங்களின் போக்கைக் கற்றனர். வயலின் வைக்கோல் எழுதுதாளாகி வெளியூர்களுக்குச் சென்றது. பின்னர்ப் போர் வந்தது, உற்பத்தி குன்றியது, இயந்திரங்கள் நெடுநாள் ஓய்ந்துகிடந்தன.

2022 மார்ச்சில் அந்நியச் செலாவணியின்றிக் கடதாசி இறக்குமதி தடைப்பட்டது. மேல் மாகாணத்திலே பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வைக்கோலுக்கோ அப்பொழுதும் பஞ்சமில்லை.