சிப்பை நாமே கையாளுவோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மலருக்குப் பழைய படங்கள் தாருங்கள் என்று எங்கள் மலர்க்குழு கேட்டபோது, படங்கள் வந்து குவியும் என்று நினைத்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தவை. போனில் பார்க்க நன்றாக இருக்கும், அச்சில் முகம் தெரியாது. "நல்ல படம் இருக்கு ராத்தா, பழைய போன் சிப்புக்குள்ள கிடக்கு, எடுக்கத் தெரியாது" என்றார்கள் சிலர். "கடையில குடுத்து எடுக்கப் பயமாயிருக்கு" என்றவர்கள் அதைவிட அதிகம். அந்தப் பயம் வீண்பயமல்ல என்பதால்தான் இன்று இதைப் பேச வந்தோம். கடைக்காரர் மெமரி கார்ட் என்று சொன்னாலும் நம் வீடுகளில் அது சிப்தான். இங்கேயும் அப்படியே சொல்கிறோம்.

படம் என்பது நம் ஊரில் சும்மா கிடைத்த பொருளல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். அன்று வாப்பாவை இழந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இருப்பது அவருடைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கரையோர வீடுகளில் கலியாண அல்பங்கள் உப்புத் தண்ணீரில் ஊறி, ஏடும் ஏடும் ஒட்டிப்போயின. ஒரு புறம் கடல், மறு புறம் வாவி என்று வாழும் நமக்கு, விரல்நகம் அளவான ஒரு சிப்புக்குள் ஆயிரம் படம் அடங்குவது பெரிய அருள். ஆனால் அது தொலைவதும் அவ்வளவு சுலபம். பிறர் கைக்குப் போவதும் அவ்வளவு சுலபம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போனுக்கு நாம் போடும் பூட்டு, சாதாரணமாகப் பாவிக்கும் சிப்பைப் பூட்டுவதில்லை. சிப்பைக் கழற்றி, சிப் ரீடரில் செருகினால் பின் நம்பர் இல்லாமலே எல்லாம் திறக்கும். அடுத்தது, நாம் அழித்த படமும் உடனே அழிவதில்லை. ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல் விடுவது போன்றது அது. அந்தப் பக்கத்தின் மேல் வேறு எதையாவது எழுதும்வரை பழையது அங்கேதான் கிடக்கும். சாதாரண ஃபோர்மட்டும் ஏறக்குறைய அப்படித்தான். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் அந்தப் பக்கங்களைத் தேடி எடுத்துவிடும்.

ஆகவே, வீட்டுக்குள் தலையில் துணியில்லாமல் எடுத்த படத்தை "அழிச்சிட்டேன்தானே" என்று நினைத்து, பாட்டு ஏற்றவோ போன் திருத்தவோ சிப்போடு கொடுக்காதீர்கள். கடையில் இருக்கும் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். அவருடைய கணினியில் இன்னும் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதல்லவா? திருத்தக் கொடுக்குமுன் சிம்மையும் சிப்பையும் கழற்றி மணிப்பர்சில் வையுங்கள். பழைய போனை விற்பதானால் சிப்பைச் சேர்த்து விற்கவே வேண்டாம். தேவையில்லாத சிப்பை உடைத்துவிடலாம், அதன் விலை நம் மானத்தின் விலையல்ல. படம் வெளியே போய்விட்டது என்று அழுதுகொண்டு, தலைவலி என்று சொல்லி எங்கள் அறைக்கு வந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் ஒருவரும் குற்றம் செய்தவர்களல்லர்.

அழித்தது அழியாமல் கிடப்பதில் ஒரு நன்மையும் உண்டு. தூக்கமில்லை என்று கிளினிக்குக்கு வந்த ஒரு சகோதரியின் கணவர் கட்டாரில் வேலை செய்து அங்கேயே மௌத்தானவர். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் ஒரு சிப்பில் இருந்தன. மகன் அதை வேறு போனில் போட்டபோது, "சிப் பழுதடைந்துள்ளது, ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்டிருக்கிறது. பிள்ளை ஆம் என்று அமத்திவிட்டது. நல்ல வேளையாக, அதன் பிறகு அந்தச் சிப்பில் யாரும் ஒன்றும் பதியவில்லை. எங்கள் வகுப்பில் படித்து இன்று கணினி படிப்பிக்கும் தோழியோடு ஓர் இரவு உட்கார்ந்து தேடினோம். மீட்டதைச் சிப்பிலேயே போடாமல் லெப்டொப்பில் சேமித்தோம். பெயரும் திகதியும் போய்விட்டன. 11 பதிவுகள் கிடைத்தன, 7 திறந்தன. எங்கள் முன்னால் போட்டுக் கேட்க அவர் விரும்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எனவே அந்தக் கேள்வி வந்தால் இல்லை என்று அமத்துங்கள். புதுப் படம் எடுக்காமல் சிப்பைக் கழற்றி, ரீடர் வழியாகக் கணினியில் போட்டுப் பாருங்கள். பல வேளைகளில் குறை போனிலேயே இருக்கும், சிப் சுகமாக இருக்கும்.

கணினிக்கு மாற்றுவது கறி ஆக்குவதைவிடச் சுலபம். போனை வயரால் இணைத்தால் அது முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். திரையில் வரும் அறிவித்தலைத் தொட்டு, ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். இது தெரியாமல் வயரை மாற்றி மாற்றி வாங்கியவர்கள் நமக்குள் உண்டு. பிறகு டிசிஐஎம் என்ற கோப்புறையைக் கொப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். கொப்பியான படங்களில் நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகே சிப்பில் அழியுங்கள். இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்காதீர்கள். சிப்புகள் பழுதாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலியாண வீடியோ மட்டும் ஏற மறுக்கிறதா? 32 ஜிபி வரையான சிப்புகள் வழமையாக ஃபேட்32 முறையில் வரும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு, இடம் இருந்தாலும் ஏறாது. சிப்பில் உள்ளதைப் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்தால் ஏறும். மலிவு விலையில் 512 ஜிபி என்று விற்பதை நம்ப வேண்டாம். உள்ளே 16 ஜிபி இருக்கலாம், நிரம்பிய பிறகு போடும் படங்கள் காற்றில் போகும்.

சிப்பை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அதில் படம் நிற்பது நுண்ணிய மின்னேற்றமாக. ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அது கசிந்து போகக்கூடும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் தங்கச்சி வீட்டில் ஒன்று என்று வையுங்கள். கடல் மறுபடி வந்தாலும் மூன்றாவது இடத்துக்கு வராது.

வெளிநாட்டில் இருந்து அனுப்புபவர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்யுமன்டாக அனுப்புங்கள், சுருங்காது. கோப்பின் பெயரில் ஆண்டையும் வகுப்பையும் போடுங்கள்.

ஒரு விடயம் மலர்க்குழுவிலேயே வாக்குவாதமானது. பழைய வகுப்புப் படங்களில் இருக்கும் சிலர் இன்று தம் முகம் அச்சில் வருவதை விரும்பவில்லை. சரித்திரம் அல்லவா, போட்டே ஆகவேண்டும் என்று எங்களில் சிலர் நின்றோம். கடைசியில், தேடிப் பிடிக்கக்கூடிய ஒவ்வொருவரிடமும் கேட்பது, ஒருவர் மறுத்தாலும் அந்தப் படத்தை விடுவது என்று முடிவாயிற்று. அதனால் நல்ல படங்கள் சில இந்த மலரில் இல்லை.

மண்டப வாசலில் இரண்டு லெப்டொப்பும் ரீடர்களும் வைத்திருக்கிறோம். இணையத்தில் தொடுக்கவில்லை. உங்கள் சிப்பை நீங்களே செருகி, தர விரும்பும் படத்தை மட்டும் நீங்களே தெரிந்து கொப்பி செய்யுங்கள். தெரியாதவர்களுக்கு எங்கள் உயர்தர வகுப்புத் தங்கச்சிமார் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள், திரையை எட்டிப் பார்க்கமாட்டார்கள். தேநீருக்குப் பிறகு தொடங்கலாம்.