குன்றின் மேல் ஓர் அரசாட்சி

ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைகளின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் குவெட்லின்பர்க் ஊருக்கு இன்று போவோம். மக்டபர்க்கிலிருந்து ரயில் உண்டு. இறங்கி நடந்தால், மரச்சட்டம் கோத்து மண் பூசிய பழைய வீடுகள், ஆயிரத்துக்கும் மேலே. தெருவெல்லாம் கல் பாவியது. குதிகால் செருப்பு வேண்டாம்.

ஊருக்கு மேலே ஒரு பாறைக் குன்று. அதன் உச்சியில் இரட்டைக் கோபுரத்தோடு புனித செர்வாஷியஸ் தேவாலயம். 936இல் இறந்த மன்னர் முதலாம் ஹென்றியை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அவருக்காக ஜெபிக்க மனைவி மட்டில்டாவும் மகன் முதலாம் ஓட்டோவும் பெண்கள் மடம் ஒன்றை நிறுவினார்கள். இங்கே சேர்ந்த பிரபுக் குடும்பத்துப் பெண்கள் விரும்பினால் வெளியேறிக் கல்யாணம் செய்துகொள்ளலாம். தலைவிக்கு மட்டும் அந்த வழி கிடையாது.

முதல் தலைவி, ஓட்டோவின் மகள். அவர் பெயரும் மட்டில்டாதான். 966இல் பதவியேற்றபோது சின்னப் பெண். 994இல் சந்தை நடத்தவும் நாணயம் அடிக்கவும் சுங்கம் வாங்கவும் அவருக்கு உரிமை கிடைத்தது. 997இல் அவருடைய சகோதரன் மகனான பேரரசர் மூன்றாம் ஓட்டோ இத்தாலிக்குப் புறப்பட்டபோது, ஜெர்மானிய நாட்டின் பொறுப்பையே இந்த அத்தையிடம்தான் ஒப்படைத்துப் போனார்.

பின்னால் வந்த தலைவிகளின் வெள்ளிக் காசைப் பார்க்க வேண்டும். காகிதம்போல மெல்லிய தகடு. ஒரு பக்கம்தான் அச்சு. அதில் தலைவி ஆசனத்தில் அமர்ந்திருப்பார். ரொட்டி வாங்கினாலும் வரி கட்டினாலும் கைமாறுவது அவர் உருவம்தான். அரசியல் அதிகாரத்துக்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. இந்தத் தலைவிகளுக்குப் பேரரசின் மன்றத்திலும் இடம் இருந்தது.

ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. நகர விடுதலையின் சின்னமாகச் சந்தைத் திடலில் வாளேந்திய வீரன் ரோலண்டின் கற்சிலையை நிறுத்தினார்கள். தலைவி ஹெட்விக் சாக்சனி இளவரசி. லேசில் விடுகிற ஆள் இல்லை. 1477இல் சகோதரர்களின் படையை வரவழைத்து ஊரை அடக்கினார். சிலையும் சாய்க்கப்பட்டது.

கடைசித் தலைவி சுவீடன் இளவரசி சோஃபியா ஆல்பர்டினா. 1803 வாக்கில் மடத்தின் ஆட்சி முடிந்து ஊர் பிரஷ்யாவிடம் போனது. ரோலண்டை மறுபடி நிறுத்தியது 1869இல். நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் இன்றும் நிற்கிறார், போனால் பாருங்கள். அவரைத் தள்ளிவிடக் குன்றின் மேல் இப்போது யாரும் இல்லை.