பள்ளித் தோட்டமும் விதைக் கலயமும்
(ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளித் தோட்டம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கேள்வி எழுகிறது. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதே அது. நியாயமான கேள்விதான். சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த பாத்திகளைக் கண்டு, மறு ஆண்டு தோட்டத்தையே கைவிட்ட ஊர்கள் உண்டு. இதற்குரிய விடை நம் முன்னோர் வகுத்த பட்டத்திலேயே இருக்கிறது.

ஆனி பிறக்கும் சமயத்தில் பள்ளி திறக்கிறது. அம்மாதத்தில் மண்ணைக் கொத்தித் தொழு உரமிட்டு, ஆடியில் விதைக்கலாம். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டை சுமார் 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். பந்தல் அவரைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை துணைநிற்கும்; பகல் குறுகும் மார்கழி, தை மாதங்களில் அது பூத்துக் காய்க்கும். சில காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றி உலரவிட்டால், பங்குனியில் விதை எடுத்துவிடலாம். பள்ளி மூடும்போது பாத்தியில் பயிர் இருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளைகள் கையில் விதை இருந்தால் போதும்.

விதைப்பதற்கு முன்பே பாடம் தொடங்கிவிட வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து 100 விதைகள் கொண்டுவந்து, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணட்டும். விதைச் சான்றளிப்பில் நெல்லுக்கு 80 விழுக்காடும் வெண்டைக்கு 65 விழுக்காடும் குறைந்த அளவாக வகுக்கப்பட்டுள்ளன. வீட்டு விதையில் பாதிகூட முளைக்கவில்லை என்று ஒரு சிறுவன் கணக்குச் சொன்னால், தந்தையின் ஒரு போக விதைப்பு வீணாகாமல் தப்பும். கணக்குப் பாடத்திற்கு இதனினும் நல்ல பயன் வேறு என்ன?

விதையை ஆழப் புதைப்பதும், முளைத்ததா என்று தோண்டிப் பார்ப்பதும் பிள்ளைகளின் இயல்பு. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு மண் மூடினால் போதும் என்று காட்டுங்கள். கீரை விதையை மணலுடன் கலந்து தூவச் செய்யுங்கள். தோண்டும் ஆவலைத் தணிக்க, கண்ணாடிக் குவளையின் உட்புறம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, இடையில் ஓர் அவரை விதையைச் செருகி வையுங்கள். எப்பக்கம் திருப்பி வைத்தாலும் வேர் கீழ்நோக்கியே வளர்வதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடையில் வாங்கும் விதைகள் பலவற்றில் பூசண மருந்து தடவிச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அவற்றைச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது. வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை, மறு ஆண்டு தாயைப்போல் விளையாது. ஆகவே நாட்டு ரகமே வேண்டும். சுரை, பூசணிப் பூக்களில் பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பதால், அருகருகே இரு ரகங்கள் இருந்தால் விதை கலந்துவிடும். தொடக்கத்திற்கு அவரையும் தக்காளியும் ஏற்றவை.

ஒரு காலத்தில் வீடுதோறும் விதைக் கலயம் இருந்தது. உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து கட்டிவைக்கும் பக்குவம் பாட்டிமார் கையில் இருந்தது. இன்று பொட்டல விதை வந்தபின் கலயம் மறைந்து வருகிறது. ஓர் ஊரின் அவரையோ கத்திரியோ ஒருமுறை அற்றுப்போனால், எந்தப் பணத்தாலும் அதை மீட்க இயலாது. அந்தப் பக்குவம் அறிந்த மூதாட்டியர் நம்மிடையே இருக்கும்போதே, பிள்ளைகள் அதைக் கற்றாக வேண்டும்.

இதற்கு ஊராட்சி செய்ய வேண்டுவது மூன்றே காரியங்கள். ஆடு நுழையாதபடி வேலி அமையுங்கள். சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்த நீர் பாத்திக்குச் செல்ல வாய்க்கால் வெட்டுங்கள். விளையும் கீரை அந்தக் கூடத்திற்கே திரும்பி வரும். ஆடியிலும் பங்குனியிலும் விதையறிந்த மூதாட்டி ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து மரியாதை செய்யுங்கள்.

ஆனி முடிவதற்குள் இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றுமாறு வேண்டுகிறேன். பள்ளி மூடும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தான் விளைவித்த ஒரு பிடி விதையுடன் வீடு திரும்பட்டும்.